உடைந்தால் சொல்லிவிடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

பி.எஸ்சி. வேதியியலில் சேர்ந்துவிட்டவளை இன்னும் பாப்பா என்று எழுதலாமா என்று யோசித்தேன். வேறு பெயர் கைக்கு வரவில்லை. ஆய்வகக் கதவில் ஒட்டியிருக்கும் விதிமுறைத் தாளைப் படமெடுத்து அனுப்பி, "பெரியம்மா, இதுல எதெல்லாம் நெஜமாவே முக்கியம், எதெல்லாம் சும்மா போட்டிருக்காங்க?" என்று கேட்டிருந்தாய். நல்ல கேள்வி. இதைக் கேட்காமல் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிற பிள்ளைகள்தான் மூன்றாவது வாரமே லேப் கோட்டைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிடுவார்கள்.

சும்மா போட்டது என்று எனக்குத் தோன்றுவது ஒன்றே ஒன்று: "அமைதி காக்கவும்." ஒரு கூடம் நிறையப் பிள்ளைகள் நின்று வேலை செய்யும் இடத்தில் அமைதி எங்கிருந்து வரும்? மற்ற எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு. காரணம் தெரியாத விதியை யாரும் வெகுநாள் மதிப்பதில்லை. அதனால் சிலவற்றுக்குக் காரணம் சொல்கிறேன். எல்லாவற்றையும்விட முக்கியமான ஒரு விதி அந்தத் தாளில் இல்லவே இல்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் உடுப்பு. கோட்டு பருத்தியாக இருக்கட்டும். கடைக்காரர் பாலியெஸ்டர் கலந்ததை எடுத்துக் காட்டி, கசங்காது, இஸ்திரி வேண்டாம் என்பார். பருத்தி எரிந்தால் கருகும். செயற்கை இழையோ உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். 2008 டிசம்பர் 29 அன்று அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வகத்தில் ஷெரி சாங்ஜி என்ற 23 வயதுப் பெண், காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும் ஒரு லித்தியம் சேர்மத்தை ஊசிக்குழலில் எடுத்துக்கொண்டிருந்தார். ஊசிக்குழலின் தண்டு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. கோட்டு அணிந்திருக்கவில்லை. போட்டிருந்த செயற்கை இழை ஸ்வெட்டரில் தீப்பற்றியது. 18 நாள் கழித்து இறந்துபோனார். அந்தச் சேர்மம் உன் கைக்கு வராது. ஆனால் பர்னர் வரும். துப்பட்டாவை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போ. முடியாவிட்டால் குறுக்கே கட்டிக் கோட்டுக்குள் அடக்கிவிடு. பின்னல் முன்னால் தொங்கக் கூடாது. செருப்பு வேண்டாம், கால்விரலை மூடும் ஷூ வேண்டும். கைதவறும் அமிலம் முதலில் போய்ச் சேரும் இடம் காலின் மேற்புறம்தான்.

அடுத்தது கண். நம் ஊர்க் கல்லூரிகளில் பாதுகாப்புக் கண்ணாடி போடு என்று வற்புறுத்துகிறவர்கள் குறைவு. இது எனக்கு நெடுநாள் ஆதங்கம். பன்சன் பர்னர் என்று தினமும் சொல்லப் போகிறாயே, அந்த ராபர்ட் பன்சன் ஆர்சனிக் சேர்மம் ஒன்று வெடித்ததில் ஒரு கண்ணின் பார்வையை இழந்தவர். ஹம்ப்ரி டேவிக்கு 1812இல் நைட்ரஜன் ட்ரைகுளோரைடு வெடித்துக் கண்ணில் காயம்; எழுத ஆள் தேவைப்பட்டு அழைத்துக்கொண்டவர்தான் மைக்கேல் ஃபாரடே. அந்த விபத்தால் அறிவியலுக்கு லாபம் என்று சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

நீ அமிலத்துக்கு மட்டும்தான் பயப்படுவாய் என்று தெரியும். கண்ணுக்கு அதைவிடக் கொடியது காரம். அமிலம் பட்ட இடத்துப் புரதம் உறைந்துவிடும்; அந்த உறைவே அமிலம் மேலும் இறங்காமல் ஓரளவு தடுக்கும். சோடியம் ஹைட்ராக்சைடுக்கு அந்தத் தடை கிடையாது. கொழுப்பைச் சோப்பாக்கிக் கரைத்தபடி உள்ளே போய்க்கொண்டே இருக்கும். எது பட்டாலும் வைத்தியம் ஒன்றுதான்: ஓடுகிற தண்ணீர். கசக்காதே. இமையை விரலால் விரித்துப் பிடித்துக்கொண்டு குறைந்தது 15 நிமிடம் கழுவு, பிறகு மருத்துவரிடம் போ. அமிலத்தைக் காரம் ஊற்றிச் சமன்செய்கிறேன் என்ற கெட்டிக்காரத்தனம் எதுவும் வேண்டாம். முதல் நாளே உன் மேசையிலிருந்து எந்தக் குழாய் அருகில் இருக்கிறது, அதில் தண்ணீர் வருகிறதா என்று திறந்து பார்த்துக்கொள். கண் எரியும்போது தேட முடியாது.

அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது என்பதைப் பள்ளியிலேயே மனப்பாடம் செய்திருப்பாய். ஏன் என்று கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள். அடர் கந்தக அமிலம் தண்ணீரைவிட 1.84 மடங்கு கனம். அதன்மேல் தண்ணீரை ஊற்றினால் அது மேலேயே நிற்கும். இரண்டும் தொடும் இடத்தில் கிளம்பும் வெப்பத்தில் மேலிருக்கும் கொஞ்சத் தண்ணீர் சட்டென்று கொதித்து, அமிலத்தையும் இழுத்துக்கொண்டு தெறிக்கும். காய்ந்த எண்ணெயில் ஈரக் கருவேப்பிலையைப் போட்டுப் பார்த்தவளுக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. அமிலத்தைத் தண்ணீரில் விட்டால் அது அடியில் இறங்கும், வெப்பத்தை மொத்தத் தண்ணீரும் வாங்கிக்கொள்ளும். அப்போதும் மெல்ல, கலக்கிக்கொண்டே.

பிப்பெட்டை வாயால் உறிஞ்சாதே. எங்கள் தலைமுறை முழுக்க வாயால்தான் உறிஞ்சியது, இன்னும் பல ஆய்வகங்களில் அது நடக்கிறது. சீனியர்கள் உன்னைக் கேலிகூடச் செய்யலாம். நீ எடுக்கப் போவது ஆக்சாலிக் அமிலமும் டைகுரோமேட்டும். முதலாவது நஞ்சு, இரண்டாவது புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. ரப்பர் பல்ப் கேள். இல்லை என்றால், ஆசிரியரிடம் சொல்லி இன்னொரு பியூரெட்டில் ஊற்றி 20 மில்லியை அளந்துகொள்.

வாய் என்றதும் நினைவுக்கு வருகிறது. கான்ஸ்டான்டின் ஃபால்பெர்க் 1879இல் ஆய்வகத்திலிருந்து கை கழுவாமல் சாப்பிட உட்கார்ந்தபோது ரொட்டி இனித்ததாம். சாக்கரின் அப்படித்தான் கிடைத்தது. 1937இல் மைக்கேல் ஸ்வேடா மேசைமேல் வைத்த சிகரெட்டை எடுத்துப் புகைத்தபோது இனித்தது சைக்ளமேட். தற்செயலின் பெருமைக்கு இந்தக் கதைகளைச் சொல்வார்கள். எனக்கு இவர்கள் கை கழுவாத இரண்டு பேர், அவ்வளவுதான். தான் தயாரித்ததையெல்லாம் நாக்கில் வைத்துப் பார்த்த ஷீலே 43 வயதில் போய்ச்சேர்ந்தார்.

முகர்வதும் அப்படித்தான். குழாய்க்கு மேல் மூக்கை நீட்டாமல், கையால் விசிறி ஆவியைக் கொஞ்சம் வரவழைத்துப் பார். உப்புப் பகுப்பாய்வில் ஹைட்ரஜன் சல்பைடு வரும். அழுகிய முட்டை நாற்றம். அதிலுள்ள சூது பலருக்குத் தெரியாது: பத்து லட்சத்தில் 100 பங்கு அளவுக்கு ஏறினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாமல் போகும். நாற்றம் நின்றுவிட்டது என்பதற்காக வாயு போய்விட்டது என்று எண்ணிக்கொள்ளாதே. வெளிக்காற்றுக்குப் போ.

ஈதரைப் பற்றி ஒரு வரி. அதன் கொதிநிலை 34.6 டிகிரி, நம் சித்திரை மாதத்துக்கு அடுப்பே வேண்டாம். ஆவி காற்றைவிடக் கனம் என்பதால் மேசையோடு தவழ்ந்து போய் அடுத்த வரிசையில் எரியும் பர்னரைத் தொட்டுவிட்டுத் தீயோடு திரும்பி வரும்.

இனி, தாளில் இல்லாத அந்த விதி. எது நடந்தாலும் சொல்லிவிட வேண்டும்.

இத்தனை ஆண்டுகள் ஆய்வகத்தில் நின்றதில் நான் கண்டது இது: ரசாயனங்களால் நேர்கிற கேடு கொஞ்சம், மறைப்பதால் நேர்கிற கேடுதான் அதிகம். உடைந்த பொருளுக்கு ஆண்டு முடிவில் பணம் கட்ட வேண்டும். அந்தப் பயத்தில் உடைந்த தெர்மாமீட்டரைத் தாளில் சுருட்டி டிராயருக்குள் தள்ளிவிட்டுப் போகிறவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்த்தேன். பாதரசம் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும், நிறமும் இல்லை, வாசமும் இல்லை. அடுத்த பருவம் முழுக்க அந்த மேசையில் நிற்கப் போகிற பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது. உடைந்தால் கையால் தொடாதே, பெருக்காதே, சிங்கில் தள்ளாதே. ஜன்னலைத் திறந்துவிட்டு அட்டெண்டர் அண்ணனைக் கூப்பிடு. மோதிரமும் வளையலும் போட்டிருந்தால் விலகி நில். பாதரசம் தங்கத்தைப் பிடித்துக்கொண்டு வெளுக்க வைத்துவிடும். அட்டெண்டர் அண்ணனிடம் மரியாதையாகப் பழகு. எந்தப் பாட்டிலில் என்ன இருக்கிறது என்பது அவர்களுக்குத்தான் நிச்சயமாகத் தெரியும்.

பெயர் எழுதாத பீக்கரும் ஒரு மறைப்புதான். நீர்த்த அமிலமும் காய்ச்சி வடித்த தண்ணீரும் பார்வைக்கு ஒன்று. ஊற்றும் முன்பே சீட்டு ஒட்டிவிடு. மிஞ்சிய கரைசலைப் பாட்டிலில் திருப்பி ஊற்றாதே. கரிமப் பகுப்பாய்வு வரும்போது டாலன்ஸ் வினைப்பொருள் செய்வாய். நாளைக்கு ஆகும் என்று அதை அலமாரியில் ஒளித்து வைக்காதே. நின்றால் வெடிக்கக்கூடிய வெள்ளிச் சேர்மம் உண்டாகும். வேலை முடிந்ததும் நீர்த்த நைட்ரிக் அமிலம் விட்டு அழித்துவிட வேண்டும். லாசைன் சோதனைக்கு வெட்டிய சோடியத்தைத் துடைத்த வடிதாளைக் குப்பைக்கூடையில் போடுவதும் இதே ரகம். கூடையில் ஈரம் இருந்தால் அது எரியும்.

கேரன் வெட்டர்ஹான் என்ற அமெரிக்கப் பேராசிரியை நச்சு உலோகங்களையே ஆராய்ந்தவர். 1996 ஆகஸ்டில் டைமெத்தில் மெர்க்குரி ஓரிரு துளி அவருடைய ரப்பர் கையுறையில் சிந்தியது. சில மாதம் கழித்துத்தான் நடை தடுமாறியது. 1997 ஜூனில் இறந்தார். அவருடன் வேலை பார்த்தவர்கள் அதை மூடி மறைக்கவில்லை. கையுறைகளைச் சோதித்து, அந்தத் திரவம் 15 நொடிக்குள் அவற்றைக் கடந்துவிடும் என்று கண்டு உலகத்துக்கே சொன்னார்கள். இன்று அந்தக் கையுறையை நம்பி யாரும் அதைத் தொடுவதில்லை.

அளவீடுகளிலும் மறைக்காதே. முதல் டைட்ரேஷன் 18.4 வந்தால் இரண்டாவதும் மூன்றாவதும் 18.4 என்று எழுதிவிட்டு உட்கார்ந்திருப்பது எல்லாக் கல்லூரியிலும் உள்ள நோய். பக்கத்து மேசைக்காரியின் விடையைப் பார்த்துப் பின்னோக்கிக் கணக்குப் போடுவது அதன் முற்றிய நிலை. எக்ஸ்டர்னலாக வருகிறவர் நோட்டைப் புரட்டிய மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவார். நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். பியூரெட்டை அளக்கும் கரைசலால் அலசு, கூம்புக் குடுவையைத் தண்ணீரால் மட்டும் அலசு. பிப்பெட்டின் கடைசித் துளியை ஊதித் தள்ளாதே. நிறமற்ற கரைசலுக்குக் கீழ் வளைவைப் பார், பெர்மாங்கனேட்டுக்கு மேல் விளிம்பைப் பார். பினாப்தலீனின் இளஞ்சிவப்பு அரை நிமிடம் நின்றால் போதும்; பிறகு மங்குவது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு செய்கிற வேலை, அதைத் துரத்திக்கொண்டு இன்னும் சொட்டுகள் விடாதே. வந்த எண்ணை அப்போதே பேனாவால் எழுது. தவறென்றால் ஒரே கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுது. அடித்தல் திருத்தல் உள்ள அப்சர்வேஷன் நோட்டைத்தான் நான் நம்புவேன்.

செய்முறையை முந்தின இரவே படித்துவிட்டுப் போ. ரெக்கார்டில் வாரா வாரம் கையெழுத்து வாங்கிவிடு. பருவக் கடைசியில் கும்பலோடு நிற்காதே.

கண்ணாடிக்கும் கோட்டுக்கும் அம்மா கணக்கில் பணம் போட்டிருக்கிறேன். ஷூவை மட்டும் அப்பாவிடம் கேட்டு வாங்கிக்கொள். எல்லாவற்றையும் நானே செய்தால் அவருக்கு வருத்தமாக இருக்கும். முதல் டைட்ரேஷனில் வந்த எண்களை, எவ்வளவு முன்பின்னாக இருந்தாலும், அப்படியே எனக்கு எழுதி அனுப்பு.

அன்புடன்,
பெரியம்மா