உயர்மலைப் பைன் மரத்தை விதையினின்று வளர்த்தல்

வட அமெரிக்காவின் ராக்கி மலைத் தொடரில், பிற மரங்கள் குன்றிப்போகும் உயரத்தில் வளர்வது வெண்பட்டைப் பைன் மரமாகும். இதன் நிழலில் உறைபனி மெதுவாக உருகுவதால் கீழுள்ள ஓடைகளுக்குக் கோடையிலும் நீர் கிடைக்கிறது. 1910-ல் வான்கூவரில் இறக்குமதியான ஐரோப்பிய நாற்றுகளுடன் புகுந்த கொப்புளத் துரு நோயால் இம்மரங்கள் திரளாக மடிந்தன. நோயின் மாற்று இருப்பிடமான ரைபீஸ் புதர்களைப் பல்லாண்டுகள் பிடுங்கிப் பார்த்தும் போதிய பலன் கிட்டவில்லை. 2022-ல் அமெரிக்க அரசாங்கம் இதனைப் பாதுகாப்புக்குரிய இனமாக அறிவித்தது. ஆகவே நாற்றுவிட்டு நடுதல் அவசியமாயிற்று.

இதன் கூம்புக்காய் முற்ற ஈராண்டு செல்லும். முற்றியபின்னும் தானே விரிவதில்லை. விதைக்குச் சிறகுமில்லை. கிளார்க் நட்கிராக்கர் என்னும் காக்கையினப் பறவையே விதைகளை எடுத்துச் சென்று, ஏறக்குறைய ஓர் அங்குல ஆழத்தில் புதைத்து வைக்கிறது. அது எடுக்காது விட்டவையே முளைக்கின்றன. விதை சேகரிப்போருக்கோ அப்பறவை பெரும் போட்டி. கோடைத் தொடக்கத்திலேயே மரமேறிக் காய்களுக்குக் கம்பிவலை கட்டாவிடில், செப்டம்பரில் பறிப்பதற்கு அநேகமாய் ஒன்றும் மிஞ்சாது.

எம்மரத்தில் பறிப்பது என்பதே முக்கியம். துரு பரவிய காட்டில் நோயின்றி நிற்கும் மரத்தையே தாய்மரமாகக் கொள்ளல் வேண்டும். அதுவும் தற்செயலாய்த் தப்பியதாயிருக்கலாமாகையால், அதன் நாற்றுகளை நோய் வித்துக்களுக்கு உட்படுத்திச் சில ஆண்டுகள் சோதித்தறிகிறார்கள்.

பறித்த விதையின் தோடு கடினமானது. உள்ளிருக்கும் கருவும் பெரும்பாலும் முற்றியிராது. சில விதைகளை அறுத்துக் கருவின் வளர்ச்சியைப் பார்த்துக்கொள்வது நலம். விதைகளை ஓரிரு நாள் ஓடும் நீரில் ஊறவைத்து, ஈரத்துடன் ஏறக்குறைய ஒரு மாதம் மிதமான வெப்பத்திலும், பின்னர் இரண்டு மாதமோ அதற்கு மேலோ உறைநிலைக்குச் சற்று மேற்பட்ட குளிரிலும் வைக்க வேண்டும். முதலிற் கூறியது கருவை முற்றச் செய்யும். பின்னது உறக்கத்தைக் கலைக்கும். விதைக்குமுன் தோட்டில் சிறு கீறலிட்டால் நீர் எளிதிற் புகும். முதலாண்டில் முளையாத விதை அடுத்த ஆண்டில் முளைப்பதுமுண்டு, அவசரப்பட்டு எறிந்துவிடலாகாது.

நீர் தேங்காத கலவை நிரப்பிய நீண்ட குழாய்த் தொட்டிகளில் இரண்டு ஆண்டுகளேனும் வளர்த்தபின், பாறை அல்லது வீழ்ந்த கட்டையின் மறைவில் நடுவர். நேரே விதைத்தால் செலவு குறையுமெனினும் எலியினங்கள் தோண்டியெடுத்துவிடும். காய் பிடிக்க இருபது முதல் முப்பது ஆண்டுகளாகும்.