மயக்க மருந்து யந்திரமும் மாற்று ஏற்பாடுகளும்

அறுவைச் சிகிச்சையின்போது நோயாளி உறங்குகிறார் என்று பொதுவாகச் சொல்வதுண்டு. ஆனால் உறங்குபவர் தாமே சுவாசிக்கிறார். தசைகளைத் தளர்த்தும் மருந்து செலுத்தப்பெற்றவரால் அது இயலாது. அவருக்குச் சுவாசமளிப்பது மயக்க மருந்து யந்திரம். அதற்குப் பிராணவாயுவும், பெரும்பாலும் மின்சாரமும் தேவை. பிராணவாயு அறவே கிட்டாவிடில் நான்கைந்து நிமிடங்களில் மூளை பழுதுறத் தொடங்கும். ஆகையால் மாற்று ஏற்பாடு முன்கூட்டியே தயாராக இருத்தல் வேண்டும்.

இதன் அவசியத்தைத் திருப்பதி நகரம் துயரத்துடன் அறிந்தது. 2021 மே 10 ஆம் தேதி இரவு, ரூயா அரசு மருத்துவமனையில் குழாய்வழி வரும் பிராணவாயுவின் அழுத்தம் குறைந்தது. தமிழ்நாட்டிலிருந்து வரவேண்டிய டாங்கர் லாரி தாமதமாயிற்று. சுமார் ஐந்து நிமிடங்களில் அழுத்தம் சரிசெய்யப்பட்டதாகவும், கொரோனா நோயாளிகள் 11 பேர் இறந்ததாகவும் மாவட்ட நிர்வாகம் அறிவித்தது. அந்நாளில் திருப்பதி சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 2022 ஏப்ரலில் தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. அங்கு இறந்தோர் அறுவை அரங்கில் இருந்தவர்கள் அல்லர். எனினும் குழாய்வழி வாயு பெறும் மயக்க மருந்து யந்திரத்திற்கும் இந்த அபாயம் உண்டு.

சேமச் சிலிண்டர்

இதற்காகவே யந்திரத்துடன் சிறு சிலிண்டர் ஒன்று இணைக்கப்படுகிறது. 'இ' வகைச் சிலிண்டரில், சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 140 கிலோ அழுத்தத்தில், ஏறத்தாழ 680 லிட்டர் பிராணவாயு அடங்கும். அழுத்தமானி பாதி காட்டினால் வாயுவும் பாதியே. நைட்ரஸ் ஆக்சைடு அவ்வாறன்று. அது திரவமாக இருப்பதால், திரவம் தீரும்வரை அழுத்தம் பெரிதும் மாறுவதில்லை. சமையல் வாயுச் சிலிண்டரை எடைபோட்டுப் பார்க்கும் காரணமும் இதுவே.

நிமிடத்திற்கு 2 லிட்டர் செலவானால் 680 லிட்டர் 340 நிமிடங்களுக்கு வரும். ஆனால் பிராணவாயுவின் விசையாலேயே துருத்தியை இயக்கும் யந்திரமாயின், அதற்கு மேலும் 8 லிட்டர் செலவாகலாம். அப்போது கிடைப்பது 68 நிமிடங்களே. கையால் பையை அழுத்திச் சுவாசமளித்தால் இந்த மிகைச் செலவைத் தவிர்க்கலாம். குழாய்வழி வாயு வரும் வேளையில் சேமச் சிலிண்டரை மூடியே வைத்தல் வேண்டும். திறந்திருப்பின், குழாயின் அழுத்தம் தாழும்போது அது ஒருவரும் அறியாமல் காலியாகிவிடும்.

மின்சாரம் நின்றால்

ஜெனரேட்டர் இயங்கச் சில விநாடிகளாவது ஆகும். அவ்விடைவெளியை யந்திரத்தின் பாட்டரி நிரப்புகிறது. புதிய பாட்டரி அரைமணி நேரமோ அதற்கு மேலோ தாங்கலாம். பழைய பாட்டரி அவ்வளவு தாங்குமென்று நம்பலாகாது. ஆகவே நோயாளி இல்லாத வேளையில் மின் இணைப்பைத் துண்டித்துச் சோதிக்க வேண்டும். ஐசோஃபுளூரேன் போன்ற மருந்துகளை ஆவியாக்கும் சாதாரணக் கலங்களுக்கு மின்சாரம் வேண்டுவதில்லை. ஏறத்தாழ 23 டிகிரியிலேயே கொதிக்கும் டெஸ்ஃபுளூரேனின் கலம் மின்சாரத்தால் சூடேற்றப்படுவது. மின்சாரமின்றி அது பயன்படாது.

இரண்டும் இல்லாதபோது

வாயுவும் மின்சாரமும் ஒருங்கே இல்லாத வேளையில் உதவுவது தானே விரியும் சுவாசப் பை. 1950களில் டென்மார்க்கில் லாரி ஓட்டுநர்களின் வேலைநிறுத்தத்தால் மருத்துவமனைகளுக்குப் பிராணவாயு கிடைப்பது அரிதாயிற்று. மயக்க மருந்து நிபுணர் ஹென்னிங் ரூபன், ஹோல்கர் ஹெஸ்ஸேயுடன் சேர்ந்து இப்பையை உருவாக்கினார். 1956 இல் இது விற்பனைக்கு வந்தது. அழுத்தினால் காற்று நோயாளிக்குச் செல்லும். விட்டால் பை தானே நிரம்பும். ஆயினும் வெளிக்காற்றில் பிராணவாயு 21 சதவீதமே. நுரையீரல் கடுமையாகப் பழுதுற்றவர்க்கு அது போதாது. ஆகையால் பையுடன் தனிச் சிலிண்டரும் அருகிருத்தல் நலம். மயக்கம் கலையாதிருக்க ஊசி மருந்தும் தேவைப்படும்.

பயிற்சி

ஆசிரியர்கள் மேற்கண்ட கணக்கை, சிலிண்டர் பாதி நிரம்பியிருப்பதாகக் கொண்டு மாணவர்களைச் செய்யச் சொல்லலாம்; விடை 34 நிமிடங்கள். களப் பணியாளர்கள் நாள்தோறும் மூன்றைக் கவனிக்க வேண்டும்: சிலிண்டரின் அழுத்தம் எவ்வளவு? அதைத் திறக்கும் சாவி அதனுடனேயே உள்ளதா? சுவாசப் பை கைக்கெட்டும் தூரத்தில் உள்ளதா? பூட்டிய அலமாரியிலுள்ள பை, ஆபத்து வேளையில் இல்லாத பைக்குச் சமமே.