கல்லாவில் அமர்ந்தவரின் இடுப்புச் சுற்றளவு

மூட்டையின் எடை சரியா என்று பார்க்காமல் நாம் யாரும் சரக்கை இறக்குவதில்லை. ஐம்பது கிலோ என்று எழுதிய சிப்பத்தில் நாற்பத்தொன்பதரை இருந்தால் அன்றைக்கே மண்டிக்குப் போன் போய்விடும். நம் சொந்த உடம்பு பத்து ஆண்டில் பதினைந்து கிலோ கூடினால் மட்டும், "கடையில் உட்கார்ந்தால் அப்படித்தான்" என்று சிரித்துவிட்டு விட்டுவிடுகிறோம். தொந்தி இருந்தால்தான் முதலாளிக்கு லட்சணம் என்ற பழைய எண்ணமும் இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை. உடல் பருமன் பற்றி விஞ்ஞானிகள் கண்டறிந்தவற்றில் கடைக்காரர்களாகிய நமக்குப் பொருந்துபவற்றை இந்த இதழில் எடுத்து எழுதுகிறோம்.

கடைக்காரர்களையும் சேர்த்து எடை போட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ழான் மேயர் என்ற விஞ்ஞானி, வங்காள ஆய்வாளர்களுடன் சேர்ந்து மேற்கு வங்காளத்துச் சணல் ஆலை ஒன்றில் 213 ஆண்களின் எடையையும் அவர்கள் சாப்பிட்ட அளவையும் கணக்கெடுத்தார். 1956-இல் அதன் முடிவு வெளிவந்தது. அந்த 213 பேரில் சிப்பம் சுமப்பவர், கொல்லர், நெசவாளர், குமாஸ்தா எனப் பல தொழிலாளரும் இருந்தனர். கடை வைத்து நாள் முழுதும் உட்கார்ந்தே இருந்தவர்களும் இருந்தனர். உழைப்பு கூடக்கூடச் சாப்பாடும் கூடியிருந்தது. இதில் புதுமை ஒன்றும் இல்லை. ஆனால் உட்கார்ந்தே இருந்த கடைக்காரர்கள் குறைவாகச் சாப்பிட்டிருக்க வேண்டும் அல்லவா? அவர்கள் சாப்பிட்ட அளவோ கடும் உழைப்பாளிகளின் அளவை நெருங்கியது. எடையிலும் அவர்களே முதலிடம்.

மேயர் இதிலிருந்து ஒரு கருத்தைச் சொன்னார். ஓரளவு உழைப்பு இருக்கும்வரைதான் பசி செலவுக்குத் தக்கபடி வேலை செய்கிறது. உழைப்பு அந்த அளவுக்கும் கீழே போய்விட்டால் பசிக்குக் கணக்குத் தெரிவதில்லை. செலவு குறைந்தும் கொள்முதல் குறையாத கடையைப் போல, சரக்கு உள்ளேயே தேங்குகிறது.

கடைக்காரரிடம் காசு இருந்தது, அதனால் நன்றாகச் சாப்பிட்டார், இதில் உட்கார்ந்ததற்கு என்ன சம்பந்தம் என்று நம் உறுப்பினர் யாரேனும் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஒரே சமயத்தில் எடுத்த கணக்கை வைத்து எது முன், எது பின் என்று அறுதியிட முடியாது. லண்டனில் ஜெரி மாரிஸ் என்ற மருத்துவர் செய்த புகழ்பெற்ற ஆய்விலும் இதே சிக்கல் வந்தது. மாடி பஸ்களில் உட்கார்ந்தே ஓட்டும் டிரைவர்களுக்கு, படியேறி இறங்கி டிக்கெட் கொடுக்கும் கண்டக்டர்களைவிட மாரடைப்பு அதிகம் என்று 1953-இல் அவர் எழுதினார். அதன்பிறகு கம்பெனி அவர்களுக்குத் தைத்துக் கொடுத்த சீருடை அளவுகளை எடுத்துப் பார்த்தார். டிரைவர்களின் கால்சட்டை இடுப்பு அளவு இளம் வயதுப் பிரிவிலேயே பெரிதாக இருந்தது. எனவே பருமனானவர்களே அந்த வேலைக்கு வந்தார்களா என்ற சந்தேகம் எழுந்தது. அவர் ஆய்வை அத்துடன் விட்டுவிடவில்லை. பிற்கால ஆய்வில், ஒல்லியானவரோ பருத்தவரோ, கண்டக்டர்களிடம் நோய் குறைவாகவே இருந்ததைக் காட்டினார். உடம்பின் அளவு ஒரு கணக்கு, அசைவு வேறொரு கணக்கு என்பது அன்றே தெரியத் தொடங்கிவிட்டது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பருமனுக்குக் காரணம் வாயைக் கட்டாததுதான் என்று ஊரில் சொல்வதும் முழு உண்மை அல்ல. 1994-இல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழுவினர் ஒரு மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அதிலிருந்து உருவாகும் லெப்டின் என்ற சுரப்பு நம் கொழுப்புத் திசுவிலிருந்தே ரத்தத்தில் கலக்கிறது. கிடங்கிலிருந்து கல்லாவுக்கு வரும் இருப்புச் சீட்டு என்று இதைச் சொல்லலாம். இருப்பு குறைந்தால் சீட்டும் குறையும், உடனே மூளை "வாங்கிப் போடு" என்று பசியைக் கிளப்பும். பிறவியிலேயே இந்தச் சீட்டு இல்லாத குழந்தைகள் மிக அரிது. அவர்கள் அடங்காப் பசியோடு பருத்துப் போகிறார்கள், லெப்டின் ஊசி போட்டதும் பசி அடங்கிவிடுகிறது. பருத்த உடல் கொண்ட மற்றவர்களுக்கும் அந்த ஊசியே போதும் என்று அப்போது பலர் நம்பினார்கள். அது நடக்கவில்லை. அவர்களில் பெரும்பாலோரின் ரத்தத்தில் லெப்டின் ஏற்கெனவே நிறைய இருந்தது, மூளைதான் அதைக் கண்டுகொள்ளவில்லை.

இளைத்த உடம்பு மறுபடி ஏறுவதற்கும் இப்படியொரு விளக்கம் உண்டு. அமெரிக்காவில் டெலிவிஷன் போட்டி ஒன்றில் வேகமாக எடை குறைத்த 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்து ஆராய்ந்து, 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் இழந்த எடையில் பெரும்பகுதியைத் திரும்பப் பெற்றிருந்தனர். அப்படியும் அவர்களின் உடல், அந்த எடைக்கு எதிர்பார்க்கும் அளவைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே செலவழித்துக் கொண்டிருந்தது. பஞ்ச காலத்தில் அடைபட்ட செலவுக் கணக்கை உடம்பு திரும்பத் திறக்கவேயில்லை. பட்டினி கிடந்து பதினைந்தே நாளில் இளைத்துக் காட்டுகிறேன் என்று சவால் விடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்தது நாம் விற்கும் சரக்கைப் பற்றியது என்பதால் சற்றுத் தயக்கத்தோடு எழுதுகிறோம். 2019-இல் கெவின் ஹால் என்ற அமெரிக்க ஆய்வாளர் 20 பேரை நான்கு வாரம் ஆய்வு மருத்துவமனையில் தங்கவைத்துச் சாப்பாடு போட்டார். இரண்டு வாரம் ஆலையில் தயாரான பாக்கெட் உணவு, இரண்டு வாரம் சமைத்த சாதாரண உணவு. மாவு, கொழுப்பு, சர்க்கரை, உப்பு ஆகியவற்றின் அளவுகளை இரண்டிலும் ஒத்துப்போகும்படி அமைத்து, வேண்டுமட்டும் சாப்பிடலாம் என்று விட்டுவிட்டார். பாக்கெட் உணவு வாரங்களில் அவர்கள் நாளுக்கு 500 கலோரி அதிகமாகச் சாப்பிட்டு, சராசரி 0.9 கிலோ எடை கூடினார்கள். வாசலில் சரம் சரமாகத் தொங்கும் பாக்கெட்டுகளால்தான் இன்று பல சிறு கடைகளுக்கு லாபம். அவற்றை எடுத்துவிடுங்கள் என்று சொல்ல நாம் வரவில்லை. ஆனால் கல்லாவிலிருந்து கை நீட்டினால் முதலில் எட்டுவது அந்தச் சரம்தான் என்பதை முதலாளி மறக்கக்கூடாது. அந்த இடத்தில் பொரிகடலை டப்பாவை வைத்தால் நஷ்டம் ஒன்றும் வந்துவிடாது.

இனி நோய்களுக்கு வருவோம். சர்க்கரை, ரத்த அழுத்தம், மாரடைப்பு ஆகியவற்றை எல்லோரும் அறிவோம். கல்லீரலில் கொழுப்பு படிவது, பித்தப்பைக் கல், சிலவகைப் புற்றுநோய்கள் ஆகியவற்றையும் பட்டியலில் சேர்க்க வேண்டும். மதியம் கல்லாவில் தூங்கி விழுபவரை வீட்டில் கேட்டுப் பாருங்கள், இரவு பலத்த குறட்டை இருக்கும். குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று நின்று வந்தால் அது தனி நோய், மருத்துவரிடம் காட்ட வேண்டும். மூட்டு வலிக்காரர்களுக்கு ஒரு செய்தி: ஒரு கிலோ எடை குறைந்தால் ஒவ்வோர் அடிக்கும் முழங்காலில் விழும் பாரம் நான்கு கிலோ அளவுக்குக் குறைவதாக 2005-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது.

நம்மவர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஒரே எடையுள்ள இரண்டு நெல் மூட்டைகளில் ஒன்றில் பதர் கூடுதலாக இருப்பதை நாம் பார்த்திருக்கிறோம். உடம்பும் அப்படித்தான். 2004-இல் புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யட்கினும் தங்கள் உடம்பையே அளந்து பார்த்து வெளியிட்டார்கள். உயரத்துக்கு எடை என்ற கணக்கில் இருவரும் ஒன்று, உடல் எடைக் குறியீடு 22.3. ஆனால் கொழுப்பு யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். வெளியே ஒல்லி, உள்ளே கொழுப்பு என்பது இந்தியருக்குச் சகஜம். அதனால்தான் வெள்ளைக்காரருக்கு 25 என்றிருக்கும் அதிக எடை வரம்பை நம் மருத்துவர்கள் நமக்கு 23 ஆக வைத்திருக்கிறார்கள். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் தாண்டக்கூடாது. சென்னையைச் சேர்ந்த ஆய்வு நிறுவனம் முன்னின்று நடத்திய நாடு தழுவிய கணக்கெடுப்பு 2023-இல் வெளியானது. அதன்படி நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், வயிற்றுப் பருமன் உள்ளவர்களோ நூற்றுக்கு 39 பேருக்கு மேல். தராசு இல்லாவிட்டால் பரவாயில்லை, ஜவுளிக்கடை நண்பரிடம் அளவு நாடா வாங்கி, மூச்சை இழுத்துப் பிடிக்காமல் அளந்து பாருங்கள்.

தராசை மட்டும் நம்பினால் ஏமாறுவோம் என்பதற்குச் சிகிச்சையிலும் சான்று உண்டு. சென்னை மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோயின் வாசற்படியில் நின்ற 531 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்து 2006-இல் முடிவை வெளியிட்டனர். ஒன்றும் செய்யாமல் விட்ட பிரிவில் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. நாளுக்கு அரை மணி நேர நடை, சர்க்கரையும் எண்ணெயும் குறைத்தல், நார்ச்சத்துக் கூட்டுதல் என்று மாற்றிக்கொண்ட பிரிவில் 39 பேருக்குத்தான் வந்தது. இத்தனைக்கும் அவர்களின் எடை குறிப்பிடும்படி குறையவில்லை. லண்டன் கண்டக்டர்களின் கதையும் இதுவே. ஒரு மாதம் நடந்துவிட்டு, முள் அசையவில்லையே என்று நடையை நிறுத்திவிடுவது நம்மவர் வழக்கம். முள் அசையாவிட்டாலும் உள்ளே வரவு எழுதப்படுகிறது.

நம் கடைகளில் எளிதில் குறைக்கக்கூடியது டீயில் போடும் சர்க்கரை. ஒரு டீக்குப் பத்து கிராம் என்றால் ஆறு டீக்கு அறுபது கிராம், 240 கலோரி. கூடுதலாகச் சேர்க்கும் சர்க்கரை ஒரு நாளைக்கு ஐம்பது கிராமுக்குள் இருக்கவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம், அதிலும் பாதியாக்கினால் இன்னும் நல்லது. இரவு பத்தரைக்குக் கடை அடைத்துப் பரோட்டா சாப்பிட்டுப் படுப்பதைப் பற்றித் தனியே எழுத வேண்டியதில்லை.

ஏற்கெனவே சர்க்கரை நோய் வந்தவர்களுக்கும் வழி அடைபட்டுவிடவில்லை. பிரிட்டனில் 2017 இறுதியில் வெளியான ஆய்வில், மருத்துவர் மேற்பார்வையில் சில மாதம் நாளுக்கு 850 கலோரிக்குள் திரவ உணவு கொடுத்தார்கள். பதினைந்து கிலோவுக்கு மேல் குறைத்தவர்களில் நூற்றுக்கு 86 பேர் ஓராண்டு முடிவில் மாத்திரையின்றிச் சர்க்கரை கட்டுப்பாட்டில் இருந்தனர். சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர் இதைத் தானாகச் செய்தால் தாழ்சர்க்கரை மயக்கம் வரும் என்பதால் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக்கூடாது.

புதிய ஊசிகளைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். செமாக்ளூடைடு என்ற மருந்தை 68 வாரம் போட்டவர்களுக்குச் சராசரி 14.9 சதவீதம் எடை குறைந்தது என்று 2021-இல் அறிவித்தனர். வெறும் ஊசி போட்டவர்களுக்கு 2.4 சதவீதம்தான். நிறுத்திய ஓராண்டில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. எனவே இது ஒருமுறைச் செலவு அல்ல, வாடகை போல மாதாமாதம் கட்டவேண்டியது. குமட்டல், வாந்தி, பித்தப்பைத் தொல்லை உண்டு. 2025-இல் எடைக் குறைப்புக்கென்றே இந்த மருந்தும் இதே வகை ஊசிகளும் நம் நாட்டில் விற்பனைக்கு வந்துள்ளன, மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது. மிக அதிகப் பருமனுக்கு இரைப்பை அறுவை சிகிச்சையும் உண்டு, அதை நிபுணர்தான் முடிவு செய்ய வேண்டும்.

கடைசியாக, மெலிவுப் பொடி, மூலிகை டீ என்று சேல்ஸ்மேன்கள் கொண்டுவந்து நல்ல கமிஷன் பேசும் சரக்கைப் பற்றி. சிபுட்ரமின் என்ற மெலிவு மருந்து இருதயத்துக்கு ஆபத்து என்று 2010-இல் அமெரிக்காவிலும் 2011-இல் இந்தியாவிலும் விலக்கப்பட்டது. அதன்பிறகும் மூலிகை என்று எழுதிய பல பொட்டலங்களில் அதைக் கலந்திருந்ததை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கண்டுபிடித்தது. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் தயாரித்தவருக்கு மட்டுமல்ல, விற்றவருக்கும் பொறுப்பு உண்டு. எனவே தயாரிப்பாளர் முகவரி, உரிமம் எண், தயாரித்த தேதி ஆகியவை அச்சிடாத பொடியைக் கடையில் ஏற்றாதீர்கள். ஏற்றிய சரக்குக்குப் பில் வாங்கிக் கோப்பில் போட்டு வையுங்கள், பில் தர மறுப்பவரைப் படியோடு அனுப்பிவிடுங்கள்.