பிள்ளைக்குச் சோம்பலா, ரத்த சோகையா?



"எந்நேரமும் சோர்வா இருக்கு, மண்ணைத் தின்னுது, படிக்கச் சொன்னா தூங்குது" என்று நாங்கள் போகிற குழுக் கூட்டங்களில் அக்காமார் சொல்கிறார்கள். அது சோம்பல் இல்லை, ரத்த சோகையாக இருக்கலாம். 5 முதல் 11 வயதுப் பிள்ளைக்கு ஹீமோகுளோபின் 11.5 கிராமுக்குக் குறையக் கூடாது.

நம்ம குன்னம் பக்கம் காட்டில் மக்காச்சோளமும் பருத்தியும்தான். பணம் வருது, சரி. ஆனால் வீட்டில் கம்பங்கூழ் போய் அரிசிச் சோறும் ரசமும் ஆகிவிட்டது. அதிலும் ஆம்பிளைங்க சாப்பிட்ட மிச்சம்தான் பொம்பளைப் பிள்ளைக்கு. வயதுக்கு வந்தவளுக்கு மாதாமாதம் ரத்தம் போகிறதே, முட்டையை முதலில் அவளுக்குத்தானே வைக்கணும்?

முருங்கைக்கீரையோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்தால் இரும்புச்சத்து உடம்பில் நன்றாக ஒட்டும். சாப்பிட்ட கையோடு டீ கொடுத்தால் ஒட்டாது. ஒரு மணி நேரம் போகட்டும்.

பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் இரும்புச்சத்து மாத்திரையைச் சில அம்மாக்கள் நிறுத்திவிடுகிறார்கள். மலம் கறுப்பாகப் போகுதே என்று பயம். அது மாத்திரையால் வருவது, பயப்பட வேண்டாம். வெறும் வயிற்றில் மட்டும் கொடுக்காதீர்கள். குடற்புழு மாத்திரையையும் விடக் கூடாது. கொக்கிப்புழு வெறுங்காலில் ஏறி, குடலில் ரத்தம் குடிக்கும்.

சந்தேகம் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் சோதித்து, அளவை அடுத்த கூட்டத்துக்கு எழுதிக்கொண்டு வாருங்கள்.