லிட்டர் கணக்குப் போடும் மாப்பிள்ளைக்கு



நீ அனுப்பிய கணக்கைப் பார்த்தேன். இரண்டு எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃபிரீசியன்) மாடு, மாட்டுக்கு 15 லிட்டர், லிட்டருக்கு 38 ரூபாய், 365 நாள். அடியில் ஒரு கோடு கிழித்து, "இனிமே நைட் ஷிஃப்டே வேணாம் மாமா" என்று வேறு எழுதியிருக்கிறாய். ஒரகடத்துக் கம்பெனியில் ஷிஃப்டுக்கு எத்தனை வண்டி இறங்கியது என்று எண்ணிப் பழகிய கை, கொட்டாயில் கட்டப்போகிற மாட்டையும் அப்படியே எண்ணிவிட்டது.

38 சரிதான். 2022 நவம்பரில் ஆவின் பசும்பால் கொள்முதல் விலையை 32லிருந்து 35 ஆக்கியது. 2023 டிசம்பரில் ஊக்கத்தொகை 3 ரூபாய் சேர்ந்தது. உன் கணக்கில் சரியாக இருப்பது அந்தக் கூட்டல் ஒன்றுதான்.

மாடு உனக்காகப் பால் சுரப்பதில்லை, கன்றுக்காகச் சுரக்கிறது. கன்று போடாத மாட்டிடம் சொட்டுப் பால் கிடையாது. சினை 280 நாள் சொச்சம். ஈன்று ஆறு, எட்டு வாரத்தில் பால் உச்சத்துக்கு வரும், பிறகு இறங்குமுகம்தான். மாட்டுத் தரகர் உன்னிடம் சொன்ன 15 லிட்டர் அந்த உச்சத்து 15. 305 நாள் கறந்தால் நல்ல கறவை. அடுத்த ஈத்துக்கு முன்னால் இரண்டு மாதம் கறவையை நிறுத்தி மடிக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். அந்த இரண்டு மாதமும் மாடு தின்னும். உன் 365இல் அது எங்கே போனது?

அதுவும் சொன்ன வேளையில் சினை பிடித்தால்தான். பருவம் 21 நாளுக்கு ஒருமுறை வரும். காலையில் கத்தினால் சாயங்காலம் சினை ஊசி, சாயங்காலம் கத்தினால் மறுநாள் காலை ஊசி. நீ டூட்டிக்குப் போன நேரத்தில் கத்தி அடங்கிவிட்டால் இன்னொரு 21 நாள் தண்டம். மே மாத வெயிலில் கலப்பின மாடு கத்தவே கத்தாது, மூச்சிரைத்துக்கொண்டு நிற்கும். அதனால்தான் நம் சமவெளிக்கு ஜெர்சிக் கலப்பு, குளிர்ந்த மலைப் பக்கத்துக்கு எச்.எஃப். என்று கால்நடைத் துறை பிரித்து வைத்திருக்கிறது. உனக்குக் கருப்பு வெள்ளைதான் வேண்டுமாம், போட்டோவுக்கு நன்றாக இருக்கும்.

"கன்று எதுக்கு மாமா, பாதிப் பாலை அதுவே குடிச்சிடுமே" என்பாய். மடியில் பால் இருந்தால் மட்டும் போதாது, மாடு அதை இறக்கிவிட வேண்டும். கன்று முட்டினாலோ, வெதுவெதுப்பான தண்ணீரில் மடியைக் கழுவித் தடவினாலோ, மூளையிலிருந்து ஆக்ஸிடோசின் சுரந்து ரத்தத்தில் வரும். அதன் வேலை ஐந்து முதல் எட்டு நிமிடம்தான். அதற்குள் கறந்து முடிக்க வேண்டும். நாய் குரைத்தாலும் நீ போனில் கத்தினாலும் மாடு பாலை அடக்கிக்கொள்ளும். கன்று செத்த மாட்டின் முன்னால், தோலுக்குள் வைக்கோல் அடைத்த கன்றை நிறுத்திக் கறந்த பால்காரர்கள் சென்னையில் இருந்தார்கள். இப்போது ஆக்ஸிடோசின் ஊசி போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பக்கம் திரும்பாதே. மாட்டின் உடம்பைக் கெடுத்துப் பாலைக் கூட்டும் ஊசி, 1960ஆம் வருடத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவில் குற்றம்.

காளைக்கன்று பிறந்தால் என்ன செய்வது என்று நீ கேட்கவே இல்லை. ஏர் ஓட்டவும் வண்டி இழுக்கவும் காளை தேவைப்பட்ட காலத்தில் அதற்கு விலை இருந்தது. பாலுக்கென்று வளர்க்கும் ஊரில் அதன் கதி பரிதாபம். பெரும்பாலும் கிடேரியாகவே பிறக்க, பாலினம் பிரித்த உறைவிந்து ஊசி வந்திருக்கிறது. கேட்டு வாங்கு. ஆனால் கன்று எதுவானாலும் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க வேண்டும். நோய் எதிர்ப்புச் சக்தி தாயின் வயிற்றில் இருக்கும்போது கன்றுக்குப் போவதில்லை, சீம்பாலில்தான் போகிறது. சீம்பாலைத் திரட்டுப்பாலுக்கு எடுத்து வைக்கும் உன் அத்தையிடமும் இதைச் சொல்.

இனி உன் பெரிய யோசனை. "கம்பெனி கேன்டீன்ல மிஞ்சுற சோறு சும்மாவே கிடைக்கும், தீவனச் செலவே இல்ல." இதற்குத்தான் உன் காதைத் திருக வேண்டும். மாட்டின் பெருவயிற்றில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் வைக்கோலையும் புல்லையும் புளிக்க வைக்கின்றன. அந்த நாரிலிருந்து வரும் அசிட்டிக் அமிலம்தான் பாலில் கொழுப்பாகிறது. ஒரு குண்டான் சோறு மொத்தமாக இறங்கினால் வேறு கிருமிகள் ராத்திரியோடு ராத்திரியாகப் பெருகி லாக்டிக் அமிலத்தைக் கொட்டும். அசைபோடுவது நிற்கும், தண்ணீராகக் கழியும், படுத்த மாடு எழுந்திருக்காது. கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் வயிறு முட்டத் தின்ற மாடு மறுநாள் செத்துக் கிடப்பது பெரும்பாலும் இப்படித்தான். கொஞ்சம் கொஞ்சமாகத்தானே போடப் போகிறேன் என்கிறாயா? மாடு பிழைக்கும், கொழுப்பு இறங்கும். பால் சொசைட்டியில் கேனை இறக்கி வைத்ததும் கரண்டியால் கலக்கி, சாம்பிள் எடுத்து மெஷினில் வைப்பார்கள். கொழுப்பும், எஸ்.என்.எஃப். என்கிற கொழுப்பல்லாத திடப்பொருளும் குறைந்தால் சீட்டில் 38 அச்சாகாது.

தீவனத்துக்கு வேறு வழி என்ன? இருங்காட்டுக்கோட்டைக் கார் ஆலையிலிருந்து 1998இல் முதல் கார் வெளியே வருவதற்கு முன்னால், இந்தப் பக்கத்து மாடுகள் மேய்க்கால் புறம்போக்கிலும் ஏரி உள்வாயிலும் அறுத்த கழனியிலும் மேய்ந்தன. இப்போது வல்லம் வடகால் வரை சிப்காட் வேலி. அவிழ்த்துவிட்டால் மாடு வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் கன்டெய்னர் லாரிக்கு முன்னால் போய்ப் படுக்கும். கட்டிப்போட்டுத்தான் வளர்க்க வேண்டும். மாட்டுக்கு ஒரு பத்து சென்ட் கோ-4 புல், ஐந்தாறு கிலோ வைக்கோல், உடம்புக்கு ஒன்றரை கிலோ கலப்புத் தீவனம், கறக்கும் ஒவ்வொரு இரண்டரை லிட்டருக்கும் இன்னொரு கிலோ. இன்னொரு பத்து சென்ட் இல்லையென்றால் இரண்டாவது மாட்டைப் பற்றிப் பேசாதே.

கடைசியாக ஒன்று. கறவைக்கு நேரம் மாறக் கூடாது. உனக்கோ வாரத்துக்கு வாரம் ஷிஃப்ட் மாறும். அப்படியானால் விடியற்காலை யார் கறப்பது, சாணி யார் அள்ளுவது? உன் கணக்கில் ஆள் கூலி பூஜ்யம் என்று போட்டிருக்கிறாய். அந்தப் பூஜ்யம் உன் அம்மா, எனக்கு அக்கா. முட்டி வலியோடு இருக்கிறவளிடம் ஒரு வார்த்தை கேட்டாயா?

முதலில் ஒரு லீவு போட்டுக் காட்டுப்பாக்கம் போ. பூந்தமல்லிப் பக்கத்துக் காட்டுப்பாக்கத்தில் போய் இறங்கி எனக்குப் போன் பண்ணாதே. பொத்தேரிக்குப் பக்கத்தில், கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிற ஊர். அங்கேயே வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கிறது, கறவை மாட்டுப் பயிற்சி தருகிறார்கள்.

அதற்கும் பிறகு ஆசை அடங்கவில்லையா? ஒரே மாடு. இரண்டாம் ஈத்து, ஜெர்சிக் கலப்பு, கன்றோடு. சாயங்காலம் ஒரு வேளை, மறுநாள் காலை ஒரு வேளை நீயே உட்கார்ந்து கறந்து பார். முந்தின வேளை கறக்காமல் விட்டு மடியை உப்ப வைத்துக் காட்டுவது சந்தையில் பழைய வித்தை. நாலு காம்பிலும் முதல் பீச்சலைக் கருப்புத் துணியில் விட்டுத் திரிதிரியாக வருகிறதா என்று பார். வந்தால் மடிநோய், கயிற்றைக் கொடுத்துவிட்டு வந்துவிடு.

அக்கா சரி என்றால் நானும் சந்தைக்கு வருகிறேன். விலை பேசத் துண்டுக்கு அடியில் தரகர் என் விரலைப் பிடிக்கும்போது நீ மட்டும் வாயைத் திறக்காதே.

இப்படிக்கு,
மாமா