குதிகால் வலியை அறிவோம்

நாம் ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும்போதும் குதிகாலே முதலில் தரையைத் தொடுகிறது. பாதத்திலுள்ள 26 எலும்புகளுள் மிகப் பெரியது குதிகால் எலும்பு. அதன் அடியில் உள்ள கொழுப்பு மெத்தை தரையின் அதிர்வைத் தணிக்கிறது. குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிப்பகுதி வரை வலிமையான தசைநார்ப் பட்டை ஒன்று நீண்டுள்ளது. வில்லின் வளைவை நாண் பிடித்திருப்பதுபோல, இப்பட்டை உள்ளங்காலின் வளைவைத் தாங்கிப் பிடிக்கிறது.

குதிகால் வலிக்குப் பெரும்பாலும் இப்பட்டையில் ஏற்படும் பாதிப்பே காரணம். காலையில் எழுந்து முதல் அடி வைத்ததும் குதிகாலில் சுருக்கென்று வலிக்கும். இரவு முழுவதும் தளர்ந்து சுருங்கியிருந்த பட்டை திடீரென இழுக்கப்படுவதே இதற்குக் காரணமாகும். சிறிது தூரம் நடந்ததும் வலி குறையும். நெடுநேரம் நின்றால் மீண்டும் தலைதூக்கும்.

பிரிக்பீல்ட்ஸ் பூக்கடையில் நின்றபடியே மாலை கட்டுபவரையும் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானா உணவகத்தில் பல மணி நேரம் நின்று ரொட்டி சானாய் போடுபவரையும் எண்ணிப் பாருங்கள். கடினமான சிமெண்டுத் தரை, தேய்ந்த காலணி, கூடுதல் உடல் எடை, இறுகிய கெண்டைக்கால் தசை ஆகியவை அப்பட்டைக்குச் சுமையாகின்றன. பழக்கமில்லாமல் திடீரென நெடுந்தூரம் நடப்பதும் அத்தகையதே. தைப்பூசத்தின்போது கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் கோவிலிலிருந்து புறப்படும் வெள்ளி இரதத்துடன் பக்தர்கள் பலர் ஏறத்தாழ 15 கிலோமீட்டர் வெறுங்காலுடன் நடந்து, பத்துமலையின் 272 படிகளையும் ஏறுகின்றனர். சில வாரங்களுக்கு முன்பிருந்தே நடைப்பயிற்சி செய்து பழகினால் பாதம் அச்சுமையைத் தாங்கும்.

நோயின் காரணத்தை ஆராய்ந்த பின்னரே மருத்துவம் செய்ய வேண்டும் என்பது வள்ளுவர் காட்டிய வழி. குதிகால் வலி அனைத்தும் ஒன்றல்ல. எக்ஸ்ரே படத்தில் எலும்பு முள் தெரிந்தால் பலர் அஞ்சுகின்றனர். ஆனால், வலியே இல்லாத பலருக்கும் அம்முள் இருப்பதுண்டு. காற்பந்து, ஓட்டம் போன்றவற்றில் ஈடுபடும் வளரும் பிள்ளைகளுக்குக் குதிகாலின் பின்புறம் வலித்தால், அங்குள்ள வளர்தகடு பாதிக்கப்பட்டிருக்கலாம். எலும்பில் நுண்ணிய விரிசல், நரம்பு அழுத்தம், மூட்டழற்சி ஆகியவையும் குதிகால் வலிக்குக் காரணமாகலாம்.

வலி இருப்பதைவிட வலி தெரியாமல் இருப்பது சிலருக்குப் பேராபத்தாகும். 2023-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களுள் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு நீரிழிவு உள்ளது. ‘இனிப்பு நீர்’ என்று நாம் கூறும் இந்நோய் பாத நரம்புகளைப் பாதித்தால் உணர்ச்சி மங்கிவிடும். முள் குத்தினாலும் சுடுதரையில் கொப்புளம் எழுந்தாலும் தெரியாது. கவனிக்கப்படாத புண் காலையே இழக்கும் நிலைக்குக் கொண்டு செல்லலாம். ஆகவே, நீரிழிவு உள்ளவர்கள் வெறுங்காலுடன் நடப்பதைத் தவிர்த்து, பாதங்களை நாள்தோறும் சோதிக்க வேண்டும். தாத்தா பாட்டியால் குனிந்து பார்க்க இயலாவிடில், பேரப்பிள்ளைகள் அப்பணியைச் செய்யலாம்.

பட்டையின் பாதிப்பால் வரும் வலி பெரும்பாலோருக்கு அறுவைச் சிகிச்சையின்றியே சில மாதங்களில் குணமாகும். படுக்கையைவிட்டு எழுமுன் கால்விரல்களைக் கையால் முழங்காலை நோக்கி இழுத்துப் பிடித்தல், சுவரில் கையூன்றிக் கெண்டைக்காலை நீட்டுதல், மெத்தென்ற அடிப்பகுதியுள்ள காலணி அணிதல் ஆகியவை பயன் தரும். வீக்கம், காய்ச்சல், மரத்துப்போதல், பாதத்தை ஊன்ற முடியாத வலி ஆகியவை தோன்றினால் தைலம் தேய்த்துக்கொண்டு காத்திராமல் உடனே மருத்துவரை நாட வேண்டும். நின்று உழைக்கும் பெற்றோரின் குதிகால் வலியை வயதின் இயல்பு என்று ஒதுக்கிவிடுதல் தகாது.

சொற்பொருள்
நாண் – வில்லில் கட்டப்படும் கயிறு
கெண்டைக்கால் – முழங்காலுக்குக் கீழே உள்ள பின்புறச் சதைப்பகுதி
வளர்தகடு – எலும்பு வளர்வதற்கு உதவும் மென்மையான பகுதி

கருத்துணர் கேள்விகள்
1. காலையில் முதல் அடி வைக்கும்போது குதிகால் வலிப்பது ஏன்?
2. தசைநார்ப் பட்டைக்குச் சுமையாகும் காரணங்கள் மூன்றனை எழுதுக.
3. வலி தெரியாமல் இருப்பது பேராபத்து எனக் கூறப்படுவதன் காரணத்தை விளக்குக.
4. உன் குடும்பத்தாரின் பாத நலத்தைக் காக்க நீ மேற்கொள்ளும் இரு நடவடிக்கைகளை எழுதுக.