தலைமன்னாருக்குத் தனியாகப் போகிற பாப்பாவுக்கு

கட்டுக்கலை,
கண்டி.

என் அன்புப் பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய வாட்ஸ்அப் பேச்சைக் கேட்டேன். உன் அப்பாவும் கேட்டான். கேட்டு முடித்ததும், "அக்கா, நீயே எழுது, நீ சொன்னாத்தான் கேப்பா" என்று போனை என் மடியில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். அவனுக்கு மகளிடம் பேசப் பயம். எனக்கு அந்தப் பயம் இல்லை, உனக்கே தெரியும்.

போகாதே என்று எழுத நான் உட்காரவில்லை. சம்பாதிக்கிற பிள்ளை, லீவு உன்னுடையது, காசு உன்னுடையது. நாலு நாள் கடலைப் பார்த்துக்கொண்டு, யாரும் "சாப்பிட்டியா" என்று கேட்காமல் இருக்கவேண்டும் என்கிறாய். அதுவும் விளங்குகிறது. நானும் முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு கத்தினவள்தான். ஆனால் ஏன் தலைமன்னார்? நாடே தீவு, சுற்றிலும் கடல். அதில் போயும் போயும் அந்த முனைதானா கிடைத்தது?

ஆகஸ்ட் மாசம் சோளகக் காற்று நிற்காது. மன்னார்த் தீவின் தென்கரையில் வரிசையாக அந்தக் காற்றாடிகளை நட்டு வைத்திருப்பது அழகுக்கா? நீ யூடியூப்பில் பார்த்த அமைதியான கடல் வேறு பருவத்தில் எடுத்ததாக இருக்கும். பூநாரைகளும் கார்த்திகை, மார்கழியில்தான் வங்காலைப் பக்கம் வரும். இப்போது போனால் கழுதைகளைத்தான் பார்ப்பாய். நிலாவெளி என்றால் இந்த மாசம் கடல் குளம்போலக் கிடக்கும். புறாத்தீவுக்குப் படகு கரையிலேயே நிற்கும். பவளப்பாறை, சின்னச் சுறா எல்லாம் பார்க்கலாம். உன் சின்னம்மா மகளும் திருகோணமலையில்தான் வேலை செய்கிறாள், வார்டில் லீவு சொல்லிவிட்டு வருவாள். அவளிடம் நான் இன்னும் பேசவில்லை. பேசினேன், ஆனால் முடிவாக ஒன்றும் சொல்லவில்லை.

கூடாரம் அடித்துப் படுக்கிற எண்ணத்தை மட்டும் விட்டுவிடு. நீ என்னை மடக்குவதற்கு ஐ.நா. சனத்தொகை நிதியத்தின் ஆய்வை அனுப்பினாய்: இந்த நாட்டில் பஸ்ஸிலும் ரயிலிலும் தொந்தரவுக்கு ஆளான பெண்கள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர். "அத்தை, ஆபத்து தீவிலா இருக்கு? தினமும் போற பஸ்ஸிலதானே இருக்கு?" என்று கேட்டாய். பதில் சொல்லத் தெரியாமல் இல்லை. அந்தத் தொண்ணூறில் நானும் ஒருத்தி. கலஹா பஸ்ஸில் சேலைத் தலைப்பில் ஊசி குத்திக்கொண்டு போய்ப் படிப்பித்தவள். பஸ்ஸில் குத்தினால் கத்துவான், நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். வெறும் மணலில் யார் திரும்பிப் பார்ப்பார்கள் என்பதுதான் என் கேள்வி.

போவதென்றால் இரவுக் கோச்சியில் போகாதே. விடிவதற்கு முன்னால் இறக்கிவிட்டால் எங்கே போய் நிற்பாய்? கொழும்பிலிருந்து முதல் நாளே கண்டிக்கு வா, பெரஹராக் கூட்டத்தில் நசுங்கினாலும் பரவாயில்லை. காலையில் வவுனியா பஸ்ஸில் ஏறி மதவாச்சியில் இறங்கி மன்னார் பஸ் பிடிக்கலாம். சாரதிக்குப் பின்னால், ஒரு பொம்பளைப் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார். ஆகஸ்ட் 15 மடுத் திருவிழா. அதையொட்டிப் போனால் பஸ் முழுக்கக் குடும்பம் குடும்பமாகச் சனம் இருக்கும், நெரிசல்தான், ஆனால் துணை. 119 பொலிஸ், 1938 பெண்களுக்கான உதவி எண். இரண்டையும் போனில் போட்டுக்கொள், ஒரு துண்டிலும் எழுதி வை, சார்ஜ் தீர்ந்துபோகும். தென்பக்கத்துக் கடலில் இறங்காதே. எங்கே இறங்கலாம் என்று வாடியில் மீன் காயப்போடுகிற பெண்களிடம் கேள், வழிகாட்டிப் பையன்களிடம் கேட்காதே.

இனி நீ கடைசியில் மெதுவாகச் சொன்னாயே, அதற்கு வருகிறேன். "பெரியத்தை கப்பல் ஏறின எடத்துல நின்னு அவங்களுக்கு வீடியோ கோல் எடுக்கப்போறேன்." காதில் விழாத மாதிரி இருந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

1964 ஒக்டோபர் 30, பிரதமர்கள் சிறிமாவும் சாஸ்திரியும் ஒரு கடுதாசியில் கையெழுத்துப் போட்டார்கள். நம் மலையகத்துச் சனம் 975,000 பேர். அதில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே, மிச்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. பிறகு பார்த்தார்கள், 1974இல் அதையும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். கையெழுத்துப் போட்டு இரண்டு மாசம்கூட ஆகவில்லை, தலைமன்னாரிலிருந்து கப்பல் போய்ச் சேருகிற தனுஷ்கோடியே டிசம்பர்ப் புயலில் போய்விட்டது. கடலே வேண்டாம் என்று சொல்லியது என்பார் என் அப்பாயி. கொழும்பிலும் டில்லியிலும் யாருக்கும் அது கேட்கவில்லை. அப்புறம் கப்பல் ராமேஸ்வரத்துக்கு ஓடியது.

இதெல்லாம் உனக்கு மனப்பாடம். உனக்குத் தெரியாதது வீட்டுக்குள் நடந்தது. உன் பெரியத்தையை, என் அக்காவை, ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லை. மாப்பிள்ளைக்கு இந்தியா பாஸ்போட் கிடைத்துவிட்டது, அங்கே டேன்டீ தேயிலைத் தோட்டத்தில் வேலை, லயத்தைவிட நல்ல வீடு என்று உன் தாத்தா பேசி முடித்தார். அவரைக் குறை சொன்னால் உன் அப்பாவுக்குக் கோபம் வரும், வரட்டும். கண்டியில் இந்தியத் தூதர் அலுவலகத்துக்குத் தாத்தாவும் மாப்பிள்ளையும்தான் போனார்கள். அக்காவின் பெயர் குடும்ப அட்டையில் ஏறிவிட்டது, அக்கா அந்தப் படியில்கூடக் கால் வைக்கவில்லை. அட்டை மாப்பிள்ளையின் பையில், பாஸ்போட் அவர் பையில், பணம் அவர் பையில். அக்காவின் கையில் ஒரு தகரப் பெட்டி. அதற்குள் என் பாவாடை ஒன்றை என்னைக் கேட்காமல் எடுத்து வைத்திருந்தாள். கண்டி ஸ்டேஷனில் அந்தக் கோச்சி கிளம்பும்போது எழும்பிய சத்தத்தை எழுத எனக்கு வராது. சனம் அதற்கு ஒப்பாரிக் கோச்சி என்று சும்மா பெயர் வைக்கவில்லை. அதற்கு அப்பால் எங்களில் யாரும் போகவில்லை, செலவுக்கு வழியில்லை. அவள் கப்பல் ஏறியதை யாரும் பார்க்கவும் இல்லை.

அதனால்தான் உன்னிடம் ஒன்றைக் கறாராகச் சொல்கிறேன், மற்றதை மறந்தாலும் இதை மறக்காதே. அடையாள அட்டை உன் உடம்போடு இருக்கவேண்டும். தங்கும் இடத்தில் கேட்டால் காட்டு, நம்பரை எழுதிக்கொள்ளட்டும், ஒரு மணி நேரத்துக்குக்கூட அவர்கள் மேசையில் வைக்க விடாதே. டிக்கெட் உன் பெயரில், உன் காசில் எடு. திரும்பி வருகிற காசைத் தனியாக முடிந்து வை. நாளைக்குக் கலியாணம் ஆனாலும் இதேதான். உன் அம்மா, "அத்தை எங்கே ஆரம்பிச்சு எங்கே போறாங்க" என்பாள். சரியான இடத்துக்குத்தான் போகிறேன்.

2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நம்மவர்கள் நடந்தார்களே, ஜூலை 28இல் தொடங்கி ஆகஸ்ட் 12 வரைக்கும், அப்போது நீ கேட்டாய், "அத்தை, நீங்க ஏன் மாத்தளையில மட்டும் வந்து சேர்ந்தீங்க" என்று. முழங்கால் வலி என்றேன். வலியும் இருந்தது. கோப்பிக் காலத்தில் நம்முடைய சனம் காட்டு வழியே நடந்து வந்து, வாந்திபேதியில் எத்தனையோ பேர் வழியிலேயே விழுந்த பாதை அது. அந்தப் பாதையில் நடக்கக்கூட என்னால் முடியும். அந்த இறங்குதுறையில் போய் நிற்க முடியுமா என்று தெரியவில்லை. இத்தனை வயசுக்கு நான் தலைமன்னாரைப் பார்த்ததில்லை பாப்பா.

ஆக, முடிவு உன்னுடையது. நிலாவெளிக்குப் போனால் எனக்கு நிம்மதி. மிரிஸ்ஸ போனாலும், உனவட்டுன போனாலும், தனியாகவே போனாலும், தினம் இரவு எட்டு மணிக்கு ஒரு மெசேஜ் போதும், வேறொன்றும் கேட்கமாட்டேன். தலைமன்னார்தான் என்றால் அதுவும் சரி. பயிற்சிக் கலாசாலையில் என்னோடு படித்த மன்னார்க்காரி ஒருத்தியிடம் விசாரித்து வைத்திருக்கிறேன். ஊருக்குள்ளேயே சிஸ்டர்மார் நடத்துகிற விடுதி, சுத்தமாக இருக்குமாம், பக்கத்தில் கோட்டை, பள்ளிமுனையில் அந்தப் பெரிய பெருக்கமரம். இரண்டு கட்டில் உள்ள அறைதான் இருக்கிறதாம். இன்னொரு கட்டிலில் நீ பையை வைத்துக்கொள்ளலாம். என் முழங்காலுக்கு இப்போது பரவாயில்லை, புது டாக்டரின் எண்ணெய் கேட்கிறது. பகலெல்லாம் நீ கடற்கரையில் தனியாக இரு, நான் திருக்கேதீஸ்வரத்தில் உட்கார்ந்திருப்பேன், உன் கண்ணிலேயே படமாட்டேன். அக்காவுக்குக் கோல் எடுக்கிற நேரம் மட்டும் பக்கத்தில் நிற்கிறேன். சும்மா சொன்னேன். யோசித்துச் சொல்.

கடிதம் முழுக்கத் திட்டிவிட்டேன் என்று முகத்தைத் தூக்காதே. நம்முடைய குடும்பத்தில் இப்படி ஒரு பிள்ளை வந்து பிறந்ததே எனக்குப் பெருமை. உன் வயசில் நான் பேராதனைப் பாலத்தைத் தாண்டவே அப்பாவிடம் அனுமதி கேட்டவள். நீ கேட்காமல் "போகிறேன்" என்று சொன்னது எனக்குப் பிடித்திருந்தது, உன் அப்பாவிடம் இதைச் சொல்லாதே. உன் கணக்கில் பத்தாயிரம் போட்டிருக்கிறேன், நல்ல செருப்பும் தொப்பியும் வாங்கு. நீச்சல் உடுப்பும் வாங்கிக்கொள், உனக்கு எது போட்டாலும் வடிவுதான். முறுக்கும் பொரிவிளங்காய் உருண்டையும் செய்து டின்னில் வைத்திருக்கிறேன், எறும்பு வருவதற்குள் வந்து எடுத்துக்கொண்டு போ. ஊறுகாய் கேட்டாய், அதுவும் இருக்கிறது. சனிக்கிழமை வருகிறாய்தானே?

முத்தங்களுடன்,
அத்தை

பி.கு: திருகோணமலைக்காரி இப்போதுதான் கோல் எடுத்தாள். அவளுக்கு 14, 15 இரண்டு நாளும் லீவாம். நான் ஒன்றும் சொல்லவில்லை.